மாவட்டத்துக்கொரு மூலவர்

ஒப்புமானியின் திரையில் 95.3 என்று வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவருக்குத் திரை தெரியாது. அவர் அந்த எண்ணை மிதுனாவின் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க வந்துருக்குது?"

"உள்ளேங்க" என்றாள் மிதுனா.

"போன வாரம் பல்லடம் முகாம்ல பாத்தப்ப புள்ளி ஒண்ணுன்னாங்களே."

"இப்ப புள்ளி மூணு. ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"ஏறிருக்குதுங்களே. எறக்கறதுக்கு மாத்திரை ஏதும் இல்லீங்களா? எனக்கு சர்க்கரையே முந்நூறுல இருந்து எறங்கிருச்சு. நடந்தே எறக்குனேன்."

"இது அந்த மாதிரி இல்லீங்க."

"நடந்தா எறங்காதுங்களா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மிதுனா தலையை மட்டும் அசைத்தாள். நீல முத்திரை குத்திய சீட்டைத் துவாரத்தின் வழியே தள்ளினாள். பேருந்து பின்வாசலில் நிற்கும் என்றாள். அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே முன்வாசலுக்குப் போகப் பார்த்தார். காவலர் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார்.

அடுத்தவருக்கு 91. அவர் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டார். அதற்கடுத்த பெண்ணுக்கு 94.6. அவள் கும்பிடவில்லை, மூச்சுதான் விட்டாள்.

கோயம்புத்தூர் இன எல்லை மையத்தில் மிதுனாவின் வேலை இவ்வளவுதான். வருகிறவர் ஒவ்வொருவரின் குடலிலும் உள்ள கோலுயிரி என்ற பாக்டீரியாவை எடுத்து ஒப்புமானியின் வலது கிண்ணத்தில் வைக்க வேண்டும். இடது கிண்ணத்தில் மணிக்கோலுயிரி இனத்துக்கே அளவுகோலான வகைமாதிரி இருக்கும். இயந்திரம் இரண்டின் மரபணுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படித்து, நூற்றுக்கு எத்தனை ஒத்துப்போகிறது என்று சொல்லும். தொண்ணூற்றைந்தும் அதற்கு மேலும் என்றால் ஒரே இனம். அதற்குக் கீழே என்றால் வேறு இனம்.

ஆடும் மாடும் வேறு என்று சொல்வது எளிது. அவை கூடிக் குட்டி போடாது. பாக்டீரியா கூடுவதில்லை. ஒன்று இரண்டாகப் பிளக்கும், அவ்வளவுதான். இடையிடையே பக்கத்தில் இருப்பதற்குத் தன் மரபணுவில் கொஞ்சம் கொடுக்கும், கொஞ்சம் வாங்கும். எங்கே ஓர் இனம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கேட்டால் முன்பெல்லாம் பாக்டீரியா படித்தவர்கள் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். பிறகு மரபணுத் தொகுதிகளைப் படிப்பது மலிவானது. ஆயிரக்கணக்கில் படித்துப் பார்த்ததில், பெரும்பாலும் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒரு கூட்டம், எண்பத்தைந்துக்குக் கீழே இன்னொரு கூட்டம், நடுவே ஏறக்குறைய வெற்றிடம் என்று தெரிந்தது. வசதிக்காக அங்கே ஒரு கோடு போட்டார்கள். வசதிக்காகத்தான் என்று எழுதியும் வைத்தார்கள்.

மணிக்காய்ச்சல் வந்த வருடம் சட்டம் போட்டவர்களுக்கு ஓர் எண் தேவைப்பட்டது. அது தயாராக இருந்தது.

தொண்ணூற்றைந்தைத் தொட்டு மணிக்கோலுயிரியின் 'உள்ளே' என்று வந்தவர்கள் ஊருக்குள் இருக்கக் கூடாது. அது எச்சில் வழியே பரவும், பித்தப்பையில் குடியேறிவிடும், எந்த மருந்துக்கும் போகாது. சுமப்பவருக்கு ஒன்றும் செய்யாது. வாங்கிக்கொள்பவரைத்தான் கொல்லும். அப்படித்தான் அந்த வருடம் நடந்தது. உண்மையில் கொன்றது மணிக்கோலுயிரி அல்ல, அதற்குள் இருந்த ஒரு சிறிய நச்சு வளையம். அந்த வளையம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். 96 வந்தவர்களிடம் இருந்ததைப் போலவே 93 வந்தவர்களிடமும் இருந்தது. பிறகு வந்ததைப் போலவே எங்கும் இல்லாமல் போயிற்று. காய்ச்சல் யாருக்கும் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. சட்டம் வளையத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இனத்தைப் பற்றித்தான் சொன்னது.

மிதுனாவின் அக்கா தர்ஷினிக்கு 95.1. அவள் பவானிசாகர் தாண்டி ஒதுக்குக் குடியிருப்பில் இருந்தாள். அம்மா அப்பா இருவரும் அந்தக் காய்ச்சலில் போனபின் அவர்கள் இரண்டு பேர்தான். மிதுனாவுக்கு 'வெளியே' என்று சான்று கொடுத்த அதே நாளில் அக்காவுக்கு நீலச் சீட்டு கொடுத்தார்கள். அக்காவை வெளியே கொண்டுவர ஏதாவது வழி கண்ணில் படும் என்றுதான் மிதுனா இந்த வேலைக்கே வந்தாள். வந்தபின், படவில்லை.

---

வகைமாதிரியை மையத்தில் யாரும் வகைமாதிரி என்று சொல்வதில்லை. ஆழ்குளிர்ப் பெட்டியில் உறைந்து கிடக்கும் மூலக் குப்பிகளுக்கு மூலவர் என்று பெயர். அதிலிருந்து வளர்த்தெடுத்து ஒப்புமானிக்குப் போகும் வளர்ப்பு உற்சவர். மற்ற மாவட்ட மையங்களுக்கும் உற்சவர் இங்கிருந்துதான் போகும். உற்சவரைப் பத்துத் தடவைக்கு மேல் மறுவளர்ப்புச் செய்யக் கூடாது என்பது விதி. அதற்குள் மூலவரிலிருந்து புதிதாக எடுத்துவிட வேண்டும். பெயர் வைத்தவர் இயக்குநர் சிவசண்முகம்தான் என்பார்கள். அவர் இல்லை என்பார், ஆனால் சிரிப்பார்.

கணினியில் இருக்கும் எழுத்துப் பதிவை வைத்தே ஒப்பிடலாம்தான். முன்பு அப்படித்தான் செய்தார்கள். யாரோ பணக்காரர் ஒருவருக்காக வடக்கே ஒரு மையத்தில் அந்தப் பதிவில் சில ஆயிரம் எழுத்துகளை மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு நீதிமன்றம், அளவுகோல் உயிருள்ளதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கண்முன்னே படிக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது. பழைய பதிவுகள் எதையும் சாட்சியமாக ஏற்பதில்லை.

ஆயுத பூஜையன்று மையத்தைக் கழுவிவிட்டார்கள். ஒப்புமானிகளுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மையவிலக்கிக்கு மாலை போட முடியாததால் மூடிமேல் ஒரு பூ. அன்று எந்த இயந்திரமும் ஓடாது. பழைய உற்சவரை எல்லா மையங்களிலும் முந்தின நாளே கொதிகலனில் வைத்து அழித்துவிட்டு, விஜயதசமி காலை மூலவரிலிருந்து புதிதாக எடுப்பது அங்கே வழக்கம். புதிதாகத் தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை என்பது எல்லோருக்கும் ஒத்துப்போன விஷயம்.

அந்த வருடம் சிவசண்முகம் ஓய்வு பெற இருந்தார். பூஜைத் தட்டுகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றவர், "எல்லாம் இருக்குது. ஆளைக் காணமே" என்றார்.

"யாருங்க சார்?" என்றார் அஷ்ரப். மூலவர் பெட்டிக்குப் பொறுப்பு அவர்தான். பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"மூலவருங்க. இருவத்தி ரெண்டு வருசமா நமக்குச் சோறு போடறது அவருதானே. சொடுக்கறதுக்கும் சுத்தறதுக்கும் பொட்டு வெச்சாச்சு. அவர உள்ளயே பூட்டி வெச்சா என்ன பூஜை?"

"சார், காத்துப் பட்டாலே ஆகாதுங்களே அது. உருகுச்சுன்னா..."

"ஐஸ் போட்டு வெப்பம் அஷ்ரப். பத்து நிமிசம். தீபாராதன காட்டிட்டு உள்ள."

பெட்டியோடு கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்குக் கீழே வைத்தார்கள். சிவசண்முகமே தன் விரலால் பெட்டிமேல் சந்தனம் வைத்தார். தீபாராதனை ஆயிற்று. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு பெட்டியை எடுக்கப் போன அஷ்ரப்பின் கையைக் கணக்குப் பிரிவு லோகநாயகி பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா! சாமிகிட்ட வெச்சத நாளைக்கு மறுபூஜ முடியாம எடுக்கக் கூடாதுங்க. ஒங்களுக்குத் தெரியாது."

அஷ்ரப் சிவசண்முகத்தைப் பார்த்தார். சிவசண்முகம் கூரையைப் பார்த்தார். மின்விசிறி நின்றிருந்தது, அதற்கும் ஓய்வு.

"இன்னும் ரெண்டு பாக்கெட் ஐஸ் போடுங்க" என்றார்.

மறுநாள் காலை மிதுனா வந்தபோது அஷ்ரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். குப்பிகள் தண்ணீரில் மிதந்தன. ஒரு சாமந்தி இதழும் மிதந்தது.

"எத்தன?" என்றாள்.

"அத்தனையும். ஒண்ணு விடாம ஊட்டத்துல போட்டுப் பாத்துட்டேன். நாளைக்குத் தெரியும். ஆனா தெரியும்மா எனக்கு." பிறகு, "நம்ம கையில எதோ தப்புன்னு எழுதுவாங்க பாரு. என் பேர்தான் மொதல்ல வரும்" என்றார்.

"சார் எழுத மாட்டாரு."

"எழுத மாட்டாரு" என்று அவரும் ஒத்துக்கொண்டார். "அதனாலதான் இன்னும் கோவமா வருது."

எதுவும் முளைக்கவில்லை. இணைப் பிரதி ஒன்று வெளிநாட்டுக் காப்பகத்தில் இருந்தது. அந்தக் காப்பகம் முன்பே வெள்ளத்தில் போயிருந்தது. புதுப் பிரதி அனுப்பும் கோப்பு ஏழெட்டு மேசை மாறி, சிவசண்முகத்தின் மேசைக்கே திரும்பி வந்திருந்தது.

---

மூலவர் இறந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த, உயிருள்ள வேறொன்றைப் புதிய வகைமாதிரியாக மையம் பரிந்துரைக்கலாம். சிவசண்முகம் அந்த வேலையை மிதுனாவிடம் கொடுத்தார்.

"கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதா பாத்து எடுங்க அம்மிணி. தொண்ணூத்தி ஒம்பது இருந்தா நல்லது. யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது."

மிதுனா வரைபடத்தைத் திறந்தாள். கொங்கு நாட்டில் இதுவரை சோதித்தவர்கள் எல்லோரும் அதில் புள்ளிகள். எவ்வளவு வேறுபாடோ அவ்வளவு தூரம். பழைய மூலவரைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருந்தவை நீலம்.

இத்தனை வருடம் பார்த்த படம்தான். ஆனால் இன்று நடுவில் இருந்த புள்ளி அணைந்திருந்தது, அதனால் வேறு மாதிரி தெரிந்தது. புள்ளிகள் வட்டத்தின் ஓரத்தில் நிற்கவில்லை. தாண்டியும் போய்க்கொண்டே இருந்தன. வெற்றிடம் என்று புத்தகத்தில் சொன்ன இடத்தில் ஆட்கள் நின்றார்கள். ஊரையே சோதித்தால் இடைவெளி எப்படி மிஞ்சும்? பழைய மூலவர் கூட்டத்தின் நடுவில்கூட இல்லை. ஒரு மூலையில் இருந்தது. தெருவிளக்கு எங்கே நடப்பட்டதோ அங்கேதான் வெளிச்சம்.

விளக்கைக் கொஞ்சம் தள்ளி நட்டால் வெளிச்சமும் தள்ளிப் போகும். அளவு குறையாது.

அவள் முதலில் நியாயமாக ஒரு நடுவைத் தேடிப் பார்த்தாள். காய்ச்சல் வருடத்தில் நச்சு வளையம் இருந்த புள்ளிகளை மட்டும் குறித்து, அவற்றையெல்லாம் உள்ளடக்கி மற்றதை விட்டுவிடும் ஒரு வட்டம் கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. அவை மாவு சலித்த மாதிரி எல்லா இடத்திலும் விழுந்திருந்தன. இரண்டு நாள் தேடினாள். பிறகு தேடாமல் இருக்க முடியாததைத் தேடினாள்.

பழைய மூலவரோடு 99.2 ஒத்துப்போகும் ஒரு புள்ளி, அக்காவுக்கு எதிர்ப் பக்கத்தில். அதை நடுவாக வைத்தால் அக்கா 94.6.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டாள். மூலவர் போன செய்தி குடியிருப்புக்கு அதற்கு முன்பே போயிருந்தது.

"பொரி தின்னுட்டே கொன்னுட்டீங்களாமே" என்றாள் தர்ஷினி. பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. "இங்க கொழுக்கட்ட செஞ்சோம்டி. பதினாறாம் நாளு படையல் வெக்கலாமான்னு பேசிட்டிருக்கோம்."

மிதுனா புது மூலவரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சொன்னாள். எண்ணையும் சொன்னாள். அக்கா பின்னால் இருந்தவர்களை விட்டு எங்கோ தள்ளி நடந்து போவது தெரிந்தது.

"நெசமாவா?"

"ஆமாக்கா. ஆனா அந்தப் பக்கம் வேற ஆளுங்க உள்ள வருவாங்க. ஏற்கெனவே வெளியன்னு சான்று வாங்குனவங்க. கொஞ்சம் பேர் இல்ல."

"சரி."

"என்ன சரி?"

"நான் உள்ள வந்தப்ப எனக்காக யாராச்சும் இப்பிடி போன் பண்ணிக் கவலப்பட்டாங்களாடி?" குரல் உயரவில்லை. "எனக்குக் கூட்டத்தோட இருந்து சலிச்சுப் போச்சு மிது. தனியா ஒரு ரூம்ல தூங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். நான் கெட்டவன்னு வெச்சுக்கோ. எடு."

மறுநாள் சிவசண்முகம் பரிந்துரைத் தாளைப் படித்தார். அவருக்கு மிதுனாவின் அக்காவைத் தெரியும், எண்ணும் தெரியும்.

"நான் கேக்கலீங்க அம்மிணி" என்றார். "எத எடுத்தாலும் நாலு பேரு வருவாங்க, நாலு பேரு போவாங்க. இருந்தத மட்டும் யாரு பாத்து எடுத்தா? அன்னிக்கு ஆஸ்பத்திரில மொதக் கட்டில்ல படுத்திருந்தவரு யாரோ. அவ்வளவுதான்."

கையெழுத்துப் போட்டார். அது அவர் போட்ட கடைசிக் கையெழுத்துகளில் ஒன்று.

---

தர்ஷினி ஒரு பையும் ஒரு தலையணையுமாக வந்து சேர்ந்தாள். முதல் வாரம் முழுவதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள்.

மிதுனாவின் கண்ணாடிக்கு முன்னால் இப்போது வேறு மாதிரி ஆட்கள் நின்றார்கள். கையில் பழைய பச்சைச் சான்று வைத்திருந்தவர்கள். சிலர் அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பொங்கலூரிலிருந்து வந்த ஒரு பெண், பள்ளிக்கூட ஆசிரியை, 95.2 என்று கேட்டதும் கோபப்படவில்லை.

"நான் மாறலீங்களே" என்றாள்.

"நீங்க மாறலீங்க."

"அப்ப எனக்குள்ள இருக்கற பூச்சி மாறிருச்சுங்களா?"

"அதும் இல்லீங்க."

"பின்ன என்னதாங்க மாறுச்சு?"

மிதுனா சீட்டைத் தள்ளினாள். அவளுக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லும்போது எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த ஆசிரியைதான் வழக்குப் போட்டவர்களில் முதல் ஆள். வழக்கு விரைவாகவே நடந்தது. ஒரு பூஜையில் ஓர் இனத்தின் எல்லை நகர்ந்துவிடும் என்பதை நீதிபதிகளால் நம்ப முடியவில்லை. இவ்வளவு பெரிய சட்டம் ஒரே ஒரு குப்பியைச் சார்ந்து நிற்கக் கூடாது என்று தீர்ப்பில் எழுதினார்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்க வேண்டும். ஆகவே மாவட்டத்துக்கு ஒரு வகைமாதிரி. அந்தந்த மாவட்ட மையமே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே இனத்தைச் சேர்ந்ததாக இருந்தால் போதும். எச்சரிக்கைக்காக, எந்த ஒரு வகைமாதிரியோடு தொண்ணூற்றைந்து ஒத்துப்போனாலும் அவர் உள்ளே.

அஷ்ரப் தீர்ப்பை இரண்டு தடவை படித்தார். "ஒரு மூலவர வெச்சுப் பாத்துக்கத் தெரியல. முப்பத்தெட்டு வேணுமாம்" என்றார்.

அடுத்த ஆறு மாதத்தில் முப்பத்தெட்டும் வந்து சேர்ந்தன. ஆழ்குளிர்ப் பெட்டி போதாமல் புதிது வாங்கினார்கள். மிதுனா ஒவ்வொன்றாக வரைபடத்தில் ஏற்றினாள். ஈரோட்டின் வட்டம் கோயம்புத்தூர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. சேலத்தினுடையது நாமக்கல் பக்கம். நாமக்கல்லினுடையது கரூர் பக்கம். எந்த மாவட்டமும் தன் ஆட்கள் அடர்ந்திருந்த இடத்தில் நடுவை வைக்கவில்லை. ஒவ்வொரு மையத்திலும் யாரோ ஒருத்தி, யாரோ ஒருவன், ஓரத்தில் நின்ற ஒரு புள்ளியை மனதில் வைத்துக்கொண்டு, விளக்கை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி நட்டிருந்தார்கள். எல்லோரும் அவளைப் போலத்தான்.

முப்பத்தெட்டு வட்டங்களும் ஏறிய பிறகு படத்தில் நீலம் இல்லாத இடம் கொஞ்சம்தான் இருந்தது.

தர்ஷினிக்குக் கோயம்புத்தூர் மூலவரோடு 94.6. ஈரோட்டு மூலவரோடு 95.4. மிதுனாதான் சோதித்தாள். வேறு யாரிடமும் விட மனம் வரவில்லை.

"ஒம்பது மாசம் நல்லாத் தூங்குனேன்டி" என்றாள் தர்ஷினி. அந்தப் பையையே எடுத்துக்கொண்டு போனாள். தலையணையை விட்டுப் போனாள். அங்கே கொடுப்பார்களாம்.

---

குடியிருப்பு நிறைந்தது. பக்கத்தில் ஒன்று கட்டினார்கள், அதுவும் நிறைந்தது. பிறகு பேருந்து ஓட்ட ஆள் இல்லை, ஏனென்றால் ஓட்டுநர்கள் அந்தப் பேருந்திலேயே போய்விட்டிருந்தார்கள். பால் வண்டிகள் பாதியாயின. மின்வாரியத்தில் பேசினால் பதிவு செய்த குரல்தான் வந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் உள்ளே என்று ஆனபோது, யாரை எங்கே அனுப்புவது என்று அரசு உட்கார்ந்து யோசித்தது.

அரசாணை நான்கு பக்கம். சுருக்கம் இதுதான். மணிக்கோலுயிரியைச் சுமப்பவருக்கு ஆபத்து இல்லை. சுமக்காதவருக்கே ஆபத்து. ஆகவே பாதுகாக்கப்பட வேண்டியவர் சுமக்காதவர். அவர்கள் எண்ணிக்கையும் குறைவு, இடமும் ஏற்கெனவே இருக்கிறது. பழைய குடியிருப்பில் இருப்பவர்கள் வீடு திரும்பலாம். சுமக்காதவர்கள் அங்கே போக வேண்டும், அவர்களுக்கு மாதாமாதம் சோதனை தொடரும். எப்போது உள்ளே என்று வருகிறதோ அப்போது ஊருக்குத் திரும்பலாம்.

பவானிசாகர் வாசல் பலகையில் 'ஒதுக்கு' என்ற சொல்லின் மேல் வெள்ளையடித்து 'பாதுகாப்பு' என்று எழுதினார்கள். கீழே 'குடியிருப்பு' அப்படியே இருந்தது.

மைய ஊழியர்களை முப்பத்தெட்டு மூலவர்களோடும் ஒப்பிட்டார்கள். அஷ்ரப் பதினொன்றோடு ஒத்துப்போனார். லோகநாயகி பத்தொன்பதோடு, அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டாள். ஓய்வு பெற்ற சிவசண்முகத்தையும் வரச் சொல்லிப் பார்த்தார்கள். கோயம்புத்தூர் மூலவரோடு 95.0. அவர் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மிதுனாவுக்கு முப்பத்தெட்டு எண்கள் வந்தன. எல்லாவற்றிலும் பெரியது 94.9.

"ஒரு சாமி கூட உன்னக் கண்டுக்கலயே" என்றார் அஷ்ரப். பிறகு, சொன்னது சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், அவளுக்கு டீ வாங்கப் போனார்.

தர்ஷினி வீடு வந்து ஒரு வாரம் கழித்து மிதுனாவுக்குச் சீட்டு வந்தது. அதே நீல முத்திரை. நிறத்தை மாற்ற இன்னும் ஆணை வரவில்லையாம்.

போகும் நாள் காலையில் அக்கா சமையலறையில் நின்றுகொண்டே பேசினாள்.

"சி பிளாக் கேளு. ஏ பிளாக்ல தண்ணி மேல ஏறாது. சன்னலோரக் கட்டில் வேண்டாம், வெயில் மூஞ்சிலயே அடிக்கும். மெஸ்ல புதன்கிழம பூரி போடுவான், சீக்கிரம் போயிரு. செண்பகம்னு ஒருத்தி இருந்தா, அவ என்னோடயே வந்துட்டா, இல்லாட்டி அவகிட்ட சொல்லிருப்பேன்."

"சரிக்கா."

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டு எதையும் கேக்காம ஒரு மூலைல உக்காந்திருக்கப் போற. எனக்குத் தெரியும்."

மிதுனா பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். பையை மூடியபின் செய்ய வேறு வேலை இல்லை. எத்தனை பேருக்கு இந்தச் சீட்டைத் தள்ளியிருப்போம் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். கூட்டிப் பார்க்கச் சோர்வாக இருந்தது.

"அங்கயும் மாசாமாசம் பாப்பாங்கல்ல?" என்றாள் தர்ஷினி.

"ஆமா."

"உள்ளன்னு வந்தா விட்டுருவாங்க?"

"விட்டுருவாங்க."

அக்காவின் கையில் அவள் குடித்துக்கொண்டிருந்த காபி இருந்தது. இந்த வீட்டில், எந்த வீட்டிலும்தான், காய்ச்சல் வருடத்துக்குப் பிறகு யாரும் இன்னொருவர் டம்ளரைத் தொட்டதில்லை. அக்கா வந்திருந்த அந்த ஒன்பது மாதத்திலும் தன் தட்டைத் தானே தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். மிதுனா வேண்டாம் என்று சொல்லவில்லை.

தர்ஷினி டம்ளரை மேடைமேல் வைத்துத் தங்கையின் பக்கம் நகர்த்தினாள். பாதி இருந்தது. விளிம்பில் அவள் உதட்டின் தடம் பழுப்பாக இருந்தது.

"எனக்குள்ள இருக்கறதுல அந்த வளையமோ என்னமோ, அது இருக்குதா?"

"இல்ல. யாருக்குள்ளயும் இல்ல."

"நாளைக்கு வருமா?"

"தெரியாது."

"குடி" என்றாள் அக்கா.

வாசலில் பேருந்து ஒலியெழுப்பியது. மிதுனா டம்ளரை எடுத்தாள். காபி ஆறியிருந்தது. பழக்கத்தில் தலையை அண்ணாந்து, டம்ளரை உதட்டில் படாமல் உயர்த்திச் சாய்க்கப் போனாள்.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வாய வெச்சுக் குடிடி."